நிசார் மேலே போயாச்சு, இனி ஆராய்ச்சி விமானம் எதற்கு?

கேள்வி: 2 ஆகஸ்ட் 2025

ஜூலை 30 மாலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நாசா-இஸ்ரோ ரேடார் செயற்கைக்கோள் நிசார் போனதை சூளூர்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியிலிருந்தே பார்த்தோம். 12 நாளுக்கு ஒரு சுற்று, பூமியின் நிலப்பரப்பு முழுக்க அளந்துவிடும் என்கிறார்கள். அப்படியென்றால் ஆராய்ச்சி விமானத்துக்கு இனி என்ன வேலை? அதிலும் நாசாவோடு கூட்டு, பிரிட்டனோடு கூட்டு என்று போக வேண்டிய அவசியம் என்ன? ராக்கெட் விடுகிற நாட்டுக்கு ஒரு விமானம் வாங்க முடியாதா? தெரிந்தவர்கள் சொல்லவும்.

2 ஆகஸ்ட், இரவு

விமானம் ஏற்கெனவே இருக்கிறது. ஹைதராபாத் தேசிய தொலையுணர்வு மையத்திடம் இரண்டு பீச்கிராஃப்ட் சூப்பர் கிங் ஏர் பி-200 உண்டு, பேகம்பேட்டையிலிருந்து பறப்பவை. அதனால் வாங்க முடியுமா என்று பேசுவதில் பொருளில்லை. வாங்கியதை வருஷம் முழுக்க யார் பறக்க வைப்பது, அதில் யாருடைய கருவி ஏறுவது, எரிபொருள் பில்லை யார் தலையில் கட்டுவது, அங்கேதான் சிக்கல்.

நான் அந்த மையத்தில் வேலை பார்த்தவன் இல்லை. சிறு விமானங்களைப் பராமரிக்கிற ஒரு தனியார் ஹேங்கரில் லைசன்ஸ் எடுத்த பராமரிப்புப் பொறியாளராக இருந்தவன். ரிட்டயர் ஆகி இப்போது நகரி பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறேன். கிங் ஏர் எனக்குக் கைப்பழக்கம். அதன் பிடி6 எஞ்சின் பறந்தாலும் பணம் கேட்கும், சும்மா நின்றாலும் கேட்கும். சோதனைகளில் சில பறந்த மணிக்கணக்கில் வரும், சில காலண்டர் தேதிப்படி வரும். விமானி தொடர்ந்து பறக்காவிட்டால் அவருடைய தகுதி காலாவதியாகிவிடும். ஒரு ஆய்வகம் வருஷத்துக்கு இரண்டு மாதம் பறப்பதற்காக ஒரு விமானத்தைக் கட்டி வைத்தால், மீதிப் பத்து மாதம் அதற்குக் காவல் காக்க வேண்டியதுதான். ஆகவே கூட்டு என்பது வெளிநாட்டுக்காரனைப் பார்ப்பதற்கு முன்பே, உள்ளூரில் நாலு ஆய்வகங்களுக்குள்ளேயே தொடங்கியாக வேண்டும்.

நிசார் பற்றி நாளை. கரண்ட் போய்ப் போய் வருகிறது.

3 ஆகஸ்ட்

நிசாரில் எல்-பேண்ட் ரேடார் நாசாவினுடையது, எஸ்-பேண்ட் இஸ்ரோவினுடையது. இரண்டும் ஒரே வயலை ஒரே நேரத்தில் பார்த்தால் என்ன தெரியும், எந்த அலைக்குப் பயிரின் ஈரம் தெரியும், எது மரக்கிளைக்குள் புகுந்து போகும், இதையெல்லாம் மேலே அனுப்பிய பிறகா கற்றுக்கொள்வது? அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம் இரண்டு அலைவரிசையும் கொண்ட ஒரு ரேடாரை விமானத்துக்கென்றே செய்தது. அது நம் பி-200ல் பறந்தது. 2019 கடைசியில் அதையே அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் நாசாவின் கல்ஃப்ஸ்ட்ரீம்-3 விமானத்தில் பறக்கவிட்டார்கள். நம் கருவி, அவர்கள் விமானம்.

அதற்கு முன்பு இது தலைகீழாக நடந்தது. 2015 டிசம்பர் முதல் 2016 மார்ச் வரை, நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் செய்த அவிரிஸ்-என்ஜி என்ற கருவி நம் பி-200ல் ஏறி 57 இடங்களைப் படம் பிடித்தது. குஜராத் அம்பாஜி, ராஜஸ்தான் ஜஹாஸ்பூர் மாதிரி கனிமப் பகுதிகள், காடு, அலையாத்தி, பயிர், கடலோரம் எல்லாம் அதில் அடக்கம். 380 முதல் 2510 நானோமீட்டர் வரை, 5 நானோமீட்டர் இடைவெளியில், 400க்கும் மேற்பட்ட பட்டைகளாக வெளிச்சத்தைப் பிரித்துப் படிக்கும். 2018ல் மறுபடியும் வந்தது.

யார் யாருக்கு உதவி செய்தார்கள்? அவர்களிடம் கருவி இருந்தது, நம் மண்ணும் பயிரும் இல்லை. நம்மிடம் விமானம், விமானி, அனுமதி, தரையில் நின்று அதே நேரத்தில் அளக்கிற ஆட்கள் எல்லாம் இருந்தன, அந்தத் தரத்தில் கருவி இல்லை. இதில் தானமும் இல்லை, அடிமைத்தனமும் இல்லை.

3 ஆகஸ்ட், சற்று கழித்து

"உளவு பார்க்க விட்டுவிட்டோம்" என்று ஒருவர் வந்துவிட்டார். எதிர்பார்த்ததுதான்.

ஐயா, இந்தியாவில் வானிலிருந்து படமெடுக்க விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தையும் பாதுகாப்பு அமைச்சகத்தையும் தாண்டி வர வேண்டும். எங்கள் ஹேங்கரில் கருவியைவிட அனுமதிக் கோப்பு கனமாக இருந்த காலம் உண்டு. பறந்தது இந்திய விமானம், ஓட்டியது இந்திய விமானி. உளவுக்காரன் இவ்வளவு ஃபாரம் நிரப்பமாட்டான்.

5 ஆகஸ்ட்

செயற்கைக்கோள் எதைச் செய்யாது என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி.

மேலிருந்து பார்க்கிற பெரும்பாலான கருவிகளுக்குக் காற்று ஒரு தூண். அந்தத் தூணில் மொத்தம் இவ்வளவு புகை, இவ்வளவு தூசி என்று சொல்லும். லேசர் வைத்த செயற்கைக்கோள் உயரத்தையும் சொல்லும். ஆனால் அந்தத் துகள் அடுப்புக் கரியா, தார் பாலைவனத்து மண்ணா, கடல் உப்பா என்று உறுதியாகச் சொல்ல காற்றை உறிஞ்சிப் பார்க்க வேண்டும். அதற்கு அந்த உயரத்துக்கே ஒருவர் போயாக வேண்டும்.

இது ஏதோ பண்டிதர் விவகாரம் இல்லை. கரித்துகள் வெயிலை உறிஞ்சித் தன்னைச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்கும். அது தரையை ஒட்டிக் கிடந்தால் ஒரு விளைவு, 3 கிலோமீட்டர் உயரத்தில் மிதந்தால் வேறு விளைவு. மேலே சூடு, கீழே நிழல் என்றால் மேகம் எழும்பும் விதமே மாறும். 2006 மார்ச் முதல் மே வரை இஸ்ரோ நடத்திய ஐகார்ப் என்ற ஆய்வில், திருவனந்தபுரம் விண்வெளி இயற்பியல் ஆய்வகத்துக்காரர்கள் முன்னின்று, இந்த கிங் ஏரைத்தான் புவனேஸ்வர், சென்னை, திருவனந்தபுரம், கோவா என்று தளம் மாற்றி மாற்றிப் பறக்கவிட்டார்கள். கீழே கடலில் சாகர் கன்யா கப்பல், கரையில் நிலையங்கள், நடுவில் விமானம். விமானத்தை எடுத்துவிட்டால் கப்பல் சொல்வதும் செயற்கைக்கோள் சொல்வதும் ஒன்றோடொன்று பேசாது.

இன்னொன்று, தெளிவு. அவிரிஸ்-என்ஜியின் பார்வைக் கோணம் 1 மில்லிரேடியன். அதாவது 4 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தால் தரையில் ஒரு புள்ளி 4 மீட்டர், 8 கிலோமீட்டரில் 8 மீட்டர். விமானி கொஞ்சம் கீழே இறங்கினால் படம் கூர்மையாகும். செயற்கைக்கோளிடம் "தம்பி, கொஞ்சம் இறங்கு" என்று சொல்ல முடியுமா?

9 ஆகஸ்ட்

எங்கள் பக்கம் பங்குக் கிணறு உண்டு. கிணறு இருக்கிற நிலம் பெரியப்பாவுடையது, வெட்டுக்கூலி அண்ணன் தம்பிகள் பிரித்துப் போட்டது, மோட்டார் ஒருவர் வாங்கியது, கரண்ட் சர்வீஸ் இன்னொருவர் பேரில். முறை வைத்துத் தண்ணீர் பாயும். ஆராய்ச்சி விமானங்கள் உலகம் முழுக்க இப்படித்தான் ஓடுகின்றன.

அமெரிக்காவில் ஜிவி, சி-130 என்ற இரண்டு ஆராய்ச்சி விமானங்களும் தேசிய அறிவியல் நிறுவனத்தின் சொத்து, பறக்கவிடுவது கொலராடோவில் உள்ள என்கார் என்ற வளிமண்டல ஆய்வு மையம், ஏறுவது பல்கலைக்கழகங்களின் கருவிகள். ஜெர்மனியின் ஹாலோ ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி-550. அந்நாட்டு விண்வெளி மையமான டிஎல்ஆர் ஓட்டுகிறது, மாக்ஸ் பிளாங்க், ஹெல்ம்ஹோல்ட்ஸ் முதலியவை சேர்ந்து சுமக்கின்றன. ஐரோப்பாவில் யூஃபார் என்று 2000லிருந்து ஓர் ஏற்பாடு: ஆராய்ச்சி விமானம் இல்லாத நாட்டுக்காரர் பக்கத்து நாட்டு விமானத்தில் நேரம் கேட்டு வாங்கலாம்.

எனக்குப் பிடித்தது பிரிட்டனின் ஃபாம் என்ற ஆராய்ச்சி விமானம். அந்த பிஏஇ-146 யார் தெரியுமா? அந்த வகையின் முதல் மாதிரி விமானம், 1981ல் முதன்முதலாகப் பறந்தது. மியூசியத்துக்குப் போக வேண்டிய உடம்பை நீட்டி, மூக்கில் குழல்கள் வைத்து, மேகத்துக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் தொழிலில் இதற்கு சல்யூட் அடிக்க வேண்டும்.

10 ஆகஸ்ட்

"பங்குக் கிணற்றில் மோட்டார்காரன்தான் ராஜா, மற்றவன் அவன் மூடு பார்த்துத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும்" என்று பதில் வந்திருக்கிறது. குப்பம்காரர் போலிருக்கிறது, அனுபவம் பேசுகிறது. மறுக்கமாட்டேன்.

1999 ஜனவரி முதல் மார்ச் வரை நடந்த இண்டோயெக்ஸ் என்ற இந்தியப் பெருங்கடல் ஆய்வு பெரிய கூட்டு. வளிமண்டல விஞ்ஞானிகள் வீ. ராமநாதனும் பால் க்ருட்சனும் முன்னின்றார்கள். ராமநாதன் நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். மாலத்தீவில் தளம், என்காரின் சி-130, நெதர்லாந்தின் ஒரு சைட்டேஷன் விமானம், இந்திய, அமெரிக்கக் கப்பல்கள். குளிர்காலத்தில் தெற்காசியாவிலிருந்து கிளம்பும் புகைமூட்டம் இந்தியப் பெருங்கடல் மேல் 3 கிலோமீட்டர் உயரம் வரை பரவிக் கிடப்பதை அளந்து காட்டினார்கள். அளவில் யாருக்கும் பெரிய சண்டை இல்லை. 2002ல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் அதை வைத்து அறிக்கை போட்டு, பருவமழை, பயிர், உடல்நலம் என்று விளைவுகளை அடுக்கியபோதுதான் கிளம்பியது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஜே. ஸ்ரீனிவாசனும் சுலோசனா காட்கிலும் இதில் உண்மை எவ்வளவு, ஊகம் எவ்வளவு என்று கரண்ட் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். பழி முழுவதும் ஆசியா தலையிலா என்ற கோபமும் சேர்ந்துகொண்டது.

அதனால் ஒப்பந்தம் எழுதும்போது விமான நேரம், எரிபொருள் பற்றி மட்டும் எழுதினால் போதாது. தரவு யார் கையில் முதலில் வரும், எவ்வளவு நாள் கழித்து எல்லோருக்கும் திறக்கும், முடிவை உலகுக்குச் சொல்லும்போது யார் யார் பேர் இருக்கும் என்பதெல்லாம் முதல் பக்கத்தில் வர வேண்டும். கிணற்று முறையைப் பத்திரத்தில் எழுதாத குடும்பங்கள் சித்தூர் கோர்ட்டு வாசலில் நிற்கின்றன.

16 ஆகஸ்ட்

மச்சான் வீட்டுக்குப் போயிருந்தேன். மல்லாட்டை போட்டிருக்கிறார், மழை ஏமாற்றிக்கொண்டிருக்கிறது. நான் வண்டியை நிறுத்துவதற்குள் ஆரம்பித்துவிட்டார்: "உங்க பிளேன்காரங்கதான் மேகத்தைக் கலைச்சு உட்றாங்க. போன வாரம் கருமேகம் கட்டி நின்னுச்சு. ஒரு சின்ன பிளேன் வந்துச்சு. அரை மணி நேரத்துல ஒண்ணும் இல்ல."

இந்தப் பேச்சு ராயலசீமா முழுக்க இருக்கிறது, எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கமும் வந்துவிட்டது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பார்த்தது உண்மையாகவே இருக்கலாம். ஒரு குவிமேகத்தின் ஆயுளே அரை மணி, முக்கால் மணி, மிஞ்சினால் ஒரு மணி. விமானம் வந்தாலும் வராவிட்டாலும் பாதிக்கு மேல் மேகங்கள் ஒரு சொட்டுக்கூடப் பெய்யாமல் கரைந்துபோகும். விமானம் வந்த நாள் மட்டும் மனதில் நிற்கும்.

2000களின் நடுவில் ஆந்திர அரசு மேகமதனம் என்ற பேரில் வாடகை விமானம் வைத்து மேகத்தில் விதை தூவியது இங்கே எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அப்போது மழை வந்தால் அரசாங்கம் கொண்டுவந்தது, வராவிட்டால் விமானம் ஓட்டிவிட்டது. இரண்டையும் சரிபார்க்க வழியில்லை.

சரிபார்க்கிற வழியைச் செய்தது கைப்பீக்ஸ் என்ற மேக ஆய்வு. புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 2009ல் தொடங்கியது. மகாராஷ்டிரத்தில் மழைமறைவுப் பகுதியான சோலாப்பூரில் 2018, 2019 மழைக்காலங்களில், தகுதியான மேகங்களில் எதற்கு விதை, எதை அப்படியே விடுவது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். மேகத்தின் அடியில் கால்சியம் குளோரைடு புகைக்குழல்களைக் கொளுத்துவது ஒரு விமானம், உள்ளே துளிகளை அளப்பது இன்னொன்று, தரையில் ரேடாரும் மழைமானிகளும். 2023ல் வந்த முடிவு: சாதகமான சூழலில் சுமார் 18 சதவீதம் கூடுதல் மழை. இல்லாத மேகத்தை உண்டாக்க முடியாது என்பதும் அதே ஆய்வில் தெளிவு.

இதை மச்சானிடம் சொன்னேன். "பதினெட்டு சதவீதம்னா என் வயல்ல எத்தனை உழவு மழை?" என்று கேட்டார். அதற்கு எந்த விஞ்ஞானியும் பதில் எழுதவில்லை.

18 ஆகஸ்ட்

நிசாரின் 12 மீட்டர் ஆன்டெனா 15ஆம் தேதி விரிந்துவிட்டதாம். 9 மீட்டர் கை நுனியில் அவ்வளவு பெரிய குடை. வாழ்த்து சொல்கிறவர்கள் தனி இழை திறக்கவும், இங்கே வேண்டாம்.

24 ஆகஸ்ட்

ஞாயிற்றுக்கிழமை, நேரம் இருக்கிறது. கூட்டு என்றால் ஹேங்கரில் என்ன நடக்கிறது என்று எழுதுகிறேன். இதை யாரும் எழுதுவதில்லை.

விஞ்ஞானி வருவார். கையில் ஒரு ரேக், நல்ல கருவி, அவர் தன் கையால் செய்தது. "சார், அடியில ஒரு ஓட்டை, மேல ஒரு குழல், அவ்வளவுதான்." அந்த அவ்வளவுதான் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ரத்த அழுத்தம் ஏறும். கிங் ஏர் அழுத்தம் ஏற்றிய உடம்பு. ஒவ்வொரு தடவை மேலே போகும்போதும் பலூன் மாதிரி உப்பும், இறங்கும்போது சுருங்கும். அதில் ஓட்டை போட்டால் சுற்றிலும் வலுத்தகடு, அதற்குக் கணக்கு, கணக்கைச் சரிபார்க்க வடிவமைப்பு அனுமதி உள்ள ஒரு நிறுவனம், பிறகு இயக்குநரகத்தின் ஒப்புதல். ஓட்டைக்குப் போடுகிற கண்ணாடி அழுத்தத்தையும் தாங்க வேண்டும், அவருக்கு வேண்டிய அலைநீளத்தையும் விட வேண்டும்.

குழல் இன்னும் மோசம். காற்றை உறிஞ்சுகிற குழல், விமானத்தின் தோலை ஒட்டி ஓடுகிற கலங்கிய காற்றுக்கு வெளியே நீட்டியிருக்க வேண்டும், சொந்தப் புகையைத் தானே குடிக்காத இடத்தில் இருக்க வேண்டும். உள்ளே போகும் காற்றின் வேகம் வெளியே உள்ள வேகத்தோடு ஒத்துப்போகாவிட்டால் பெரிய துகள்களின் எண்ணிக்கை பொய்யாகும். வெப்பமானியும் அப்படித்தான்: விநாடிக்கு 100 மீட்டரில் பறக்கும்போது மோதி நிற்கிற காற்று ஏறக்குறைய 5 டிகிரி சூடாகும். அதைக் கழிக்காவிட்டால் வானமே காய்ச்சலில் கிடப்பதாக எழுதிவிடுவீர்கள்.

பிறகு எடை. பி-200 தரையைவிட்டு எழும்பும்போது மொத்தம் 5,670 கிலோவைத் தாண்டக் கூடாது. ரேக் கனமானால் ஆள் குறைய வேண்டும், அல்லது எரிபொருள் குறைய வேண்டும். எரிபொருள் குறைந்தால் கடலுக்கு மேல் போகும் தூரம் குறையும். ஒவ்வொரு ஆய்வுக் குழுவுக்கும் "இன்னொரு சின்னப் பெட்டி" ஒன்று கடைசி நாளில் முளைக்கும். விபத்து நடந்தால் அந்தப் பெட்டி விமானி முதுகில் போய் விழக் கூடாது, அதற்காகத் தன் எடையைப் போல 9 மடங்கு விசையை முன்பக்கமாகத் தாங்குகிற மாதிரி கட்ட வேண்டும். மின்சாரம் 28 வோல்ட் நேர்மின்சாரம். ஆய்வகத்தில் 230 வோல்ட்டில் ஓடிய பம்புக்கு இன்வெர்ட்டர் வேண்டும், எல்லாரும் ஒன்றாக சுவிட்ச் போட்டால் பிரேக்கர் விழும்.

ஒரு வருஷம் ஒரு ஆய்வு நிறுவனம், பேர் வேண்டாம், ரேக்கின் பலக் கணக்கை அனுப்பாமலே கருவியை மட்டும் லாரியில் அனுப்பிவிட்டது. அவர்களுக்கு வேண்டியது பருவமழைக்கு முந்தைய மேகங்கள். நாங்கள் கடிதம் எழுத, அவர்கள் பதில் எழுத, அவர்களுடைய பொறியியல் பிரிவு லீவில் போக, விமானம் ஹேங்கரிலேயே நின்றது. தென்மேற்குப் பருவமழை தொடங்கிய நாள் கணக்குத் தாள் வந்தது. அந்த ஆராய்ச்சி மாணவன் ஹேங்கர் வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டே, "அண்ணா, இது நான் அளக்க வேண்டிய மேகம் இல்ல" என்றான். அவனுக்கு ஒரு வருஷம் போனது. கருவியில் குறை இல்லை, விமானத்தில் குறை இல்லை, பணமும் வந்திருந்தது. கருவிக்கும் விமானத்துக்கும் நடுவில் ஆள் இல்லை.

25 ஆகஸ்ட்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு "விஞ்ஞானிகளைக் கேலி செய்கிறீர்கள்" என்று ஒருவர். இல்லை. விமானி பற்றியும் சொல்கிறேன், சமமாக இருக்கட்டும். விமானிக்கு மேகம் என்றால் சுற்றிப் போக வேண்டிய பொருள். இவர்களோ அதற்குள்ளேயே போகச் சொல்வார்கள். ஒரு மூத்த விமானி சொன்னது: "முப்பது வருஷம் எதை எல்லாம் செய்யாதேன்னு கத்துக்கிட்டேனோ, அதையெல்லாம் லிஸ்ட் போட்டுக் குடுக்கிறாங்க."

31 ஆகஸ்ட்

ஃபாம் பற்றி மறுபடி. 2016 மே முதல் ஜூலை வரை அது இந்தியாவுக்கே வந்தது. இன்காம்பஸ் என்ற திட்டம். பிரிட்டனின் இயற்கைச் சூழல் ஆய்வு மன்றமும் நம் புவி அறிவியல் அமைச்சகமும் பணம் போட்டன. ரெடிங் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ டர்னர், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஜி. எஸ். பட் தலைமை. லக்னோ ஒரு தளம், பெங்களூரு இன்னொன்று. பெங்களூரிலிருந்து கிளம்பி, அரபிக்கடல், மேற்குத் தொடர்ச்சி மலை, மழைமறைவு நிலம், வங்கக்கடல் என்று தென்னிந்தியாவைக் குறுக்கே வெட்டினார்கள். கேரளாவில் கொட்டுகிற மேகம் மலையைத் தாண்டி நம் பக்கம் வரும்போது வெறுங்கையோடு வருவது ஏன் என்று செங்கோட்டைக்காரரும் கம்பத்துக்காரரும் பரம்பரையாகக் கேட்கிற கேள்வியை, மேகத்தின் உள்ளேயே போய்க் கேட்ட பயணம். வடமேற்கிலிருந்து நடு உயரத்தில் நுழையும் வறண்ட காற்று மேகத்தை எப்படி அடக்கி வைக்கிறது, பருவமழை முன்னேறும்போது அது எப்படிப் பின்வாங்குகிறது என்பதும் அவர்கள் பார்த்த விஷயம். நான் அப்போது வேலையில்தான் இருந்தேன், ஒரு நாள் லீவு போட்டுப் பெங்களூரு போயிருந்தால் அந்த பழைய 146ஐக் கிட்டத்தில் பார்த்திருக்கலாம்.

இதை எழுதும்போது ஒரு மறுயோசனை. முதல் நாள் நான் எழுதிய தொனி, நம்மிடம் இருக்கிற விமானமே போதும் என்கிற மாதிரி இருக்கிறது. போதாது. பி-200ன் உச்சி 35,000 அடி, அதாவது 10.7 கிலோமீட்டர். பருவமழைக் காலத்தில் ஆசியாவுக்கு மேலே 13 முதல் 18 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மெல்லிய துகள் அடுக்கு உருவாகிறது. அதை நம் விமானம் எட்டவே எட்டாது. அதனால்தான் நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து பலூன் விட்டார்கள், ஹைதராபாதிலிருந்தும் நம் காதங்கியிலிருந்தும். சித்தூர்–திருப்பதி சாலையில் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள், 1,024 ஆன்டெனாக்கள் நிற்கிற, மேல்காற்றை ஆராயும் எம்எஸ்டி ரேடார் வளாகம், அதே இடம்தான். 2017ல் ஐரோப்பியர்கள் ஜியோஃபிசிகா என்ற ரஷ்ய உயர்பறப்பு விமானத்தைக் காத்மாண்டுவுக்குக் கொண்டுவந்து 20 கிலோமீட்டர் வரை ஏற்றினார்கள். அந்த அடுக்கில் அம்மோனியம் நைட்ரேட் கிடந்தது. நம் வயலிலிருந்தும் மாட்டுக்கொட்டகையிலிருந்தும் கிளம்பும் அம்மோனியாவை இடிமேகம் அவ்வளவு உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறது. பலூனும் விமானமும் ஒன்றுக்கொன்று சாட்சி.

7 செப்டம்பர்

புயலுக்குள் விமானம் விடுவது பற்றி நெல்லூர்காரர் கேட்டது: அமெரிக்காவின் கடல், வளிமண்டல அமைப்பான நோவா 1970களின் நடுவிலிருந்து பி-3 ஒரையன் விமானங்களைச் சூறாவளிக்குள் ஓட்டுகிறது, பாராசூட் கட்டிய டிராப்சோண்ட் குழாய்களைப் போட்டு அழுத்தமும் காற்றும் அளக்கிறது. வங்கக்கடல் புயலுக்குள் நாம் அப்படி வழக்கமாக அனுப்புவதில்லை. இதற்கு மட்டும் கூட்டு என்று காத்திருக்கக் கூடாது என்பது என் கருத்து. புயல் நம் கரையில் ஏறுகிறது, விமானமும் நம்முடையதாகவே இருக்க வேண்டும்.

27 செப்டம்பர்

நிசாரின் முதல் படங்கள் வந்துவிட்டன. ஒன்று மெய்ன் கடலோரம், இன்னொன்று வடக்கு டகோட்டாவின் வயல்கள், கிராண்ட் ஃபோர்க்ஸ் வட்டாரம். அந்த ஊர்ப் பேரைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது, ஏனென்றால் ஒரு மாதமாக நான் எழுத நினைத்த கதை அந்த ஊர்தான்.

நாசாவிடம் ஒரு டிசி-8 இருந்தது. 1987லிருந்து பறக்கும் ஆய்வகம். நாலு எஞ்சின், உள்ளே பத்துப் பதினைந்து குழுக்களின் ரேக்குகள். 2005 வாக்கில் நாசா அதை இயக்கும் பொறுப்பை, கூட்டுறவு ஒப்பந்தம் போட்டு, கிராண்ட் ஃபோர்க்ஸில் உள்ள வடக்கு டகோட்டா பல்கலைக்கழகத்திடம் கொடுத்தது. விமானம் சில ஆண்டுகளில் கலிஃபோர்னியாவின் பாம்டேலுக்குத் திரும்பிவிட்டாலும், அறிவியல் பக்கத்து ஆதரவு வேலை பல்கலைக்கழகத்தின் மையத்திடமே தொடர்ந்தது. என்ன வேலை? ஆகஸ்ட் 24 அன்று நான் புலம்பிய வேலைதான். கருவியை ரேக்கில் ஏற்றுவது, எடை பார்ப்பது, மின்சாரம் பிரிப்பது, பறக்கும்போதே எல்லாருடைய தரவையும் ஒரே திரையில் காட்டுவது. 2009லிருந்து இளநிலை மாணவர்களை அதே விமானத்தில் ஏற்றி அளக்கச் சொல்லிக்கொடுக்கும் கோடைக்காலத் திட்டம் ஒன்றும் நடந்தது. இருபது வயதுப் பிள்ளைகள் பறக்கும் ஆய்வகத்தில்!

டிசி-8 2024ல் ஓய்வு பெற்றது. ஐடஹோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள், விமான மெக்கானிக் படிக்கிறவர்கள் கைப்பழக்கம் செய்ய. என்னைக் கேட்டால் கொடுத்த இடம் சரியான இடம்.

4 அக்டோபர்

"எல்லாம் சரி, நம் வறண்ட போர்வெல்லுக்கு இந்த விமானத்தால் என்ன லாபம்" என்று பலமநேரிலிருந்து. ஹெலிகாப்டர் கணக்கில் வருமென்றால், வரும். ஹைதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம், டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, ஹெலிகாப்டரின் கீழே ஒரு பெரிய வளையத்தைத் தொங்கவிட்டு நிலத்தடி நீர்ப்படுகைகளை வரைந்தது. வளையத்தில் மின்சாரத்தைப் பாய்ச்சித் திடீரென்று நிறுத்தினால் பூமிக்குள் தூண்டப்படும் மின்னோட்டம் மெல்ல அடங்கும். களிமண்ணில் மெதுவாக, பாறையில் சட்டென்று. அந்த அடங்கும் வேகத்தை வைத்துக் கீழே எந்த அடுக்கு எவ்வளவு ஆழத்தில் என்று கணக்குப் போடுவார்கள். மாதிரிக்குத் தேர்ந்தெடுத்த ஆறு இடங்களில் ஒன்று நம் கடலூர் மாவட்டத்துக் கீழ் வெள்ளாற்றுப் படுகை, இன்னொன்று கர்நாடகத்தின் தும்கூர். தும்கூர் கெட்டிப்பாறை நிலம், நம் பலமநேர், புங்கனூர் மாதிரி. நீரோட்டம் பார்க்கத் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கிறவரை நான் குறை சொல்லவில்லை, அவருக்கும் பிழைப்பு.

11 அக்டோபர்

சூளூர்பேட்டைக்காரர் திரும்பி வந்து, "அப்போ நாமே புது விமானம் வாங்கக் கூடாது என்கிறீர்களா?" என்கிறார்.

வாங்கட்டும். 15 கிலோமீட்டர் வரை ஏறுகிற ஜெட்டாக வாங்கட்டும். ஓட்டையும் குழலும் ஆலையிலேயே வைத்து, அனுமதியோடு வரட்டும். கூடவே பத்துப் பேர் கொண்ட ஒரு நிரந்தர அணி: இரண்டு பேர் கட்டமைப்புக் கணக்குக்கு, இரண்டு பேர் மின்சாரத்துக்கு, ஒருவர் தரவுக்கு, ஒருவர் டெல்லியில் அனுமதிக் கோப்புகளின் பின்னால் நடக்க, மீதிப் பேர் ஹேங்கரில். விமானம் எந்த அமைச்சகத்துச் சொத்தாக வேண்டுமானாலும் இருக்கட்டும், இந்த அணி எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும். நாசாக்காரன் கருவியோடு வந்தாலும் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்து மாணவன் கருவியோடு வந்தாலும் ஒரே ஃபாரம், ஒரே மேசை. இந்த அணி இல்லாமல் விமானம் மட்டும் வாங்கினால் திறப்பு விழா நன்றாக நடக்கும்.

12 அக்டோபர்

எம்.எஸ்சி. புவியியல் படிக்கிற பெண் ஒருவர் அவிரிஸ்-என்ஜி தரவு மாணவர்களுக்குக் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். கிடைக்கும் அம்மா. அகமதாபாத் மையத்தின் வேதாஸ் தளத்தில் அதற்கென்று பகுதி இருக்கிறது, பதிவு செய்துவிட்டுத் தேடுங்கள். கோப்புகள் மிகப் பெரியவை, கல்லூரி கம்ப்யூட்டரில் இறக்குங்கள், மொபைல் டேட்டாவில் வேண்டாம்.